நகரி சாலையில் சிவப்பு வண்டி

நகரியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் மலைப்பாறை காலை வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. காற்று முகத்தில் அறைந்துகொண்டிருந்தது. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகி, தலைமுடியை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி, அந்தச் சிவப்பு வண்டியின் பின்பலகையில் நான் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தேன். குழந்தைகள் உட்காருவதற்காகச் செய்த பலகை அது. பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் மோவாயைத் தொடும்.

முன்னால் வலப்பக்கம் என் கணவர் சாலமோன் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் பஸ் முதலாளி குப்புசாமி நாயுடு, மடியில் தேங்காய் பழப் பையோடு, சந்தோஷமாகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருப்பதிக்குப் போய்த் திரும்ப வேண்டும். வழியில் எங்கேயும் இஞ்சினைத் திறக்கக் கூடாது. அதுதான் நிபந்தனை.

அப்போதுதான் அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது.

பால் கொதிக்கத் தொடங்கும்போது சட்டியின் மூடி லேசாக ஒரு துடி துடிக்குமே, அந்த மாதிரி. இஞ்சின் இரைச்சலுக்கும் காற்றின் இரைச்சலுக்கும் அடியில், மெல்லிசாக. இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாக இருந்தது. அடுத்த மேடு ஏறும்போது இருந்தது.

என் கை அவருடைய தோளுக்கு மேலே போய் நின்றது. ஒரு தடவை தட்டினால் மெதுவாகப் போக வேண்டும், இரண்டு தடவை தட்டினால் நிறுத்திவிட வேண்டும் என்று எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. ஏனென்றால் அவருக்குக் காது கேட்காது.

அந்தக் கையை அங்கேயே விட்டுவிட்டு, முன்கதையைச் சொல்லிவிட்டு வருகிறேன்.

காது போன மெக்கானிக்

இந்தத் தொடரில் போன வாரம் எங்கள் கல்யாணத்தோடு நிறுத்தியிருந்தேன். பொதட்டூர்பேட்டையில் தறிக்குப் பக்கத்தில் வளர்ந்த நான், மார்த்தா, திருத்தணிக்கு வாழ வந்தேன். அப்போது திருத்தணி சித்தூர் ஜில்லாவில் இருந்தது. கடைத்தெருவில் பாதிப் பேர் தமிழில் விலை கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வார்கள்.

என் கணவர் நாயுடுவின் பஸ் ஷெட்டில் மெக்கானிக். நாயுடுவுக்கு ஒரு சில பஸ்கள் ஓடின. ஒன்று பொதட்டூர்பேட்டைக்கு, ஒன்று சித்தூருக்கு. இவர் ஷெட்டுக்குள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, வெளியே வந்து நிற்கும் பஸ்ஸைப் பார்க்காமலேயே, "பின்சக்கரம் பேரிங் போவப் போவுது, கழட்டு" என்பாராம். கழற்றிப் பார்த்தால் அப்படியே இருக்குமாம். எனக்கு இதையெல்லாம் சொன்னது நாயுடுதான். இவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிற ஆள் இல்லை.

கல்யாணமாகி ஒரு வருஷத்துக்குள் பட்டாளத்தில் மோட்டார் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். இவர் போனார். பர்மாப் பக்கம் எங்கேயோ ஒரு வெடிமருந்துக் கிடங்கு வெடித்தபோது பக்கத்து ரிப்பேர் கொட்டகையில் இருந்திருக்கிறார். உடம்பில் ஒரு கீறல் இல்லை.

சண்டை முடிந்து அவர் வரும் நாளில் நான் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். ரயிலிலிருந்து இறங்கி, என்னைப் பார்க்காமல், டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். "இன்னாங்க" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள், அவர் மட்டும் திரும்பவில்லை. ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஊருக்கே கேட்கிற மாதிரி, "காது போச்சு மே. சுத்தமா போச்சு" என்றார். தன் குரல் எவ்வளவு உயரம் என்பது அவருக்குத் தெரியவில்லை.

நாயுடு நல்ல மனிதர். இவரை உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார். என்னைப் பார்த்துப் பேசினார், நான் இவருக்கு வாயசைத்துக் காட்டினேன்.

"இவன் கையி தங்கம்மா. ஆனா இஞ்சின் இன்னா சொல்லுதுன்னு காதுல உழணுமே. உழலன்னா நான் எப்டி வண்டிய இவன் பொறுப்புல வுடறது? ஜனங்க ஏர்ற வண்டி."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதனால்தான் வலித்தது.

பெட்ரோல் தட்டுப்பாடு இன்னும் தீராத காலம். பஸ்கள் கரிவாயுவில் ஓடின. பஸ்ஸின் முதுகில் ஒரு பெரிய இரும்பு உருளை. அதில் கரியைக் கொட்டிப் பற்றவைத்து, காற்றாடியைச் சுற்றிச் சுற்றி வாயு கிளப்ப வேண்டும். அந்தக் கரி போடும் வேலையை நாயுடு இவருக்குக் கொடுத்தார். தினமும் முகமெல்லாம் கறுத்து வீட்டுக்கு வருவார். கறுப்பு தேய்த்தால் போய்விடும். டிரைவர்கள் சின்னப் பிள்ளைக்குக் காட்டுவது போலக் கையை விரித்து விரித்து ஜாடை காட்டுவார்கள். அது தேய்த்தாலும் போகாது. வீட்டில் பேச்சு நின்றுபோயிற்று. சோறு போதுமா என்றால் தலையாட்டுவார், அவ்வளவுதான்.

மாட்டுக் கொட்டகையில் கிடந்தது

நாயுடுவுக்கு ஒரு தம்பி இருந்தான். பணக்கார வீட்டுச் செல்லப்பிள்ளை. மெட்ராஸில் ஊருக்குத் திரும்பும் ஒரு வெள்ளைக்காரனிடம் பந்தய மாடல் கார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். தாழ்வான வண்டி, நீண்ட மூக்கு, மேலே மடக்குகிற துணிக் கூரை. ஊரில் அதை "ரேஸ் வண்டி" என்றார்கள். கொஞ்ச காலம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு சுற்றினான். பிறகு ஒரு விஷக் காய்ச்சலில் போய்விட்டான்.

அவன் அம்மா, மகன் தொட்ட வண்டியை வேறு யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஆர்.கே.பேட்டைக்குப் போகும் வழியில் அவர்கள் கிராமத்து மாட்டுக் கொட்டகையில் அதைத் தள்ளி வைத்தார்கள். சண்டை வந்து போயிற்று. அந்த அம்மாவும் காலமாகிவிட்டார். கொட்டகையைக் காலி செய்ய வேண்டும் என்று நாயுடு பழைய இரும்பு வியாபாரிக்கு ஆள் அனுப்பினார். வண்டியைப் பெயர்த்து எடுக்கக் கடப்பாறையோடு என் கணவரையும் அனுப்பினார்.

இவர் கடப்பாறையை ஓரமாகப் போட்டுவிட்டு வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டாராம்.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் பேசிய பேச்சு, அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் பேசியதை விட அதிகம். "சீட்டுல கோழி முட்ட போட்டுக்கீது மே. மரச்சட்டம் பூரா செல்லு அரிச்சிகினு கீது. எலி ஒயரெல்லாம் கடிச்சி வெச்சிக்கீது. ஆனா இஞ்சின் கெட்டுப் போவல. உள்ள எண்ணெ அப்படியே உறைஞ்சி கீது. அதான் காப்பாத்திக்கீது."

மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு நாயுடுவிடம் போனார்.

"அத்த உடைக்காதீங்க. நான் ஓட வெக்கறேன்."

நாயுடு என்னைப் பார்த்தார். "ஏம்மா, இவன் இன்னா சொல்றான்? அது மண்ணா போன வண்டிம்மா."

"ஓட வெக்கறேன்னு சொல்றாருங்க."

"ஓட வெச்சா?"

நான் வாயசைத்தேன். இவர் உடனே சொன்னார். "ஓட வெச்சா எனக்கு என் ஷெட்ட திருப்பிக் குடுங்க."

நாயுடு உதட்டை மூடிய மீசையைத் தடவிக்கொண்டார். தம்பி நினைவு வந்திருக்கும் போல. "சும்மா ஷெட்டுக்கும் வாசலுக்கும் ஓடனா ஆவாது. என்ன வெச்சிகினு திருப்பதிக்குப் போய் வரணும். வழில இஞ்சின் மூடிய தொறக்கக் கூடாது. அப்படி ஓடிச்சின்னா ஷெட்டு அவனுது. இல்லன்னா அத்த இரும்புக்குப் போட்டுட்டு, அவன் கரி வேலய பார்க்கட்டும்."

ஒரு ஜோடி மாடுகளைப் பூட்டி அந்த வண்டியைப் பஜார் வழியாக இழுத்துக்கொண்டு வந்தோம். இவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டேரிங்கைப் பிடித்திருந்தார். நான் பின்னால் நடந்தேன். ஒரு பஸ் டிரைவர், முனுசாமி என்று பெயர், வாய்த்துடுக்கான ஆள். பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு, "மாட்டு வண்டிக்கு எதுக்குப்பா ஸ்டேரிங்கு?" என்றார். ஜனங்கள் சிரித்தார்கள். இவருக்குக் கேட்கவில்லை. கேட்ட நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன்.

அண்டாவின் அடிப்பாகம்

எங்கள் வாடகை வீட்டுப் பின்புறத்தில் ஓலைக் கொட்டகை போட்டு வண்டியை வைத்தோம். கரி வேலை முடிந்து வந்ததும் குளிப்பார், சாப்பிடுவார், இருட்டும் வரை வண்டிக்கு அடியில் படுத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேராகக் கொட்டகைக்குத்தான்.

எது எங்கே கிடைக்கும் என்பதே ஒரு வேட்டை. வண்டியின் மூக்கில் இருந்த பெயர்த் தகட்டை யாரோ எப்போதோ கழற்றிப் போயிருந்தார்கள். எந்தக் கம்பெனி வண்டி என்று கடைசி வரை எங்களுக்குத் தெரியாது. அதனால் பெயர் சொல்லிச் சாமான் கேட்க முடியாது. எல்லாவற்றையும் செய்துகொள்ள வேண்டியதுதான். அரித்துப்போன சட்டங்களுக்கு வாகை மரம் அறுத்து, தச்சரை வைத்து வளைவு வளைவாக இழைத்தோம். பிஸ்டன் வளையம், அரக்கோணத்து லேத்துப் பட்டறை ஒன்றில் வேறொரு வண்டியின் வளையத்தைக் கடைந்து எடுத்தது. பொறி கிளப்பும் மேக்னட்டோவை மட்டும் மெட்ராஸுக்குக் கொடுத்தனுப்பி, புதிதாகக் கம்பி சுற்றி வாங்கினோம்.

இஞ்சின் தலைக்கும் உடம்புக்கும் நடுவே வைக்கிற கேஸ்கெட் எங்குமே கிடைக்கவில்லை. மெல்லிய செம்புத் தகடு வேண்டும், மேடு பள்ளம் இல்லாமல். இவர் மெட்ராஸ் வரை சொல்லி வைத்துப் பார்த்தார். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், சோற்றில் வைத்த கையை எடுக்காமல், அடுப்படி மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே என் தாய்வீட்டுச் சீர் செம்பு அண்டா கவிழ்த்து வைத்திருந்தது.

என்னைப் பார்த்தார். கேட்கவில்லை. பார்வையை எடுத்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தார்.

நானே போய் அண்டாவைத் தூக்கி வந்து அவர் முன்னால் வைத்து, அடிப்பாகத்தைத் தட்டிக் காட்டினேன்.

"உங்கம்மா இன்னா சொல்லும்?"

"எங்கம்மா இங்க இல்ல" என்று வாயசைத்தேன். சிரித்தார். பட்டாளத்திலிருந்து வந்த பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு அது. அண்டாவின் அடியைத் தணலில் காய்ச்சித் தண்ணீரில் முக்கி, தட்டித் தட்டிச் சமமாக்கி, இஞ்சின் தலையை மேலே வைத்துக் கோடு போட்டு வெட்டினார். அண்டா போனதில் எனக்குத் துளி வருத்தம் இல்லை. தண்ணீருக்கு மண்பானை இருந்தது.

துணிக் கூரைக்கு என் அப்பா பொதட்டூர்பேட்டையில் இரட்டை இழை போட்டுத் தடிமனாக நெய்து கொடுத்தார். லுங்கியும் புடவையும் நெய்த தறியில் கார்க் கூரை. பஸ்ஸில் ஏற்றி அனுப்பியபோது, "மாப்பிள்ளைக்குப் புடிக்குதா கேளு, புடிக்கலன்னா லுங்கியா கட்டிக்கட்டும்" என்று சொல்லி அனுப்பினார். அதில் ஆளி எண்ணெயும் மெழுகும் காய்ச்சித் தடவி வெயிலில் போட்டோம். வண்டிக்குச் சிவப்பு நிறம். வண்டியின் ஓரத்தில் சாணத்துக்கு அடியில் ஒட்டியிருந்த பழைய நிறத்தைச் சுரண்டிப் பார்த்து, அதே சிவப்பை இவர் கலந்தார். பூசி, உலர்த்தி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி பூசி, இப்படி எத்தனை பூச்சு என்று எனக்கே நினைவில்லை. கடைசியில் மட்கார்டில் என் முகம் தெரிந்தது. அதைப் பார்த்துப் பொட்டில்லாத நெற்றியில் ஒட்டியிருந்த கரியைத் துடைத்துக்கொண்டேன்.

தறிச் சத்தம்

இஞ்சின் முதலில் உயிர் பெற்றது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றச் சுற்ற, இருமிற்று, புகைத்தது, நின்றது. கடைசியில் பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டுக் கோழிகள் எல்லாம் சுவரேறிப் போயின.

இவர் முழங்கையை இஞ்சின் மேல் ஊன்றிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பெரிய உதறல் இருந்தால் அப்படித் தெரிந்துவிடும். பிறகு கண்ணைத் திறந்து, "நல்லாதான கீது?" என்று என்னைக் கேட்டார்.

எனக்கு என்ன தெரியும்? ஆனால் எங்கோ ஒன்று சரியில்லை என்று பட்டது. கையைக் குறுக்கே ஆட்டினேன்.

"எப்டி கீது? சொல்லு."

நான் யோசித்தேன். எங்கள் வீட்டில் தறி ஓடிக்கொண்டே இருக்கும். நூல் சுற்றிய நாடா குறுக்கே ஓடி ஓரப் பெட்டியில் விழுகிற சத்தம், பலகை அடிக்கிற சத்தம், காலால் மிதிக்கிற சத்தம். அந்தச் சத்தத்தில்தான் நான் தூங்கி எழுந்தேன், பாடம் படித்தேன். ஒரு இழை அறுந்தால் சத்தம் நூலளவு மாறும். அடுப்பங்கரையில் இருக்கும் அம்மா, "இழை போச்சு பாருங்க" என்று அங்கிருந்தே குரல் கொடுப்பாள். கொஞ்ச வருஷத்தில் எனக்கும் அது பழகிவிட்டது.

"நாடா பெட்டில இடிக்கற மாதிரி" என்று வாயசைத்து, கையால் நாடா போய் இடிப்பதைக் காட்டினேன்.

அவர் முகம் மாறியது. ஒரு மூங்கில் குச்சியை எடுத்து, ஒரு முனையை இஞ்சின் மேலும் மறுமுனையை என் காதிலும் வைத்தார். குச்சியை ஒவ்வொரு இடமாக நகர்த்தினார். மூன்றாவது வால்வுக்கு நேரே வந்தபோது இடிக்கிற சத்தம் காதுக்குள் வந்து விழுந்தது. அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

அணைத்துவிட்டு, திறந்து, ஸ்பேனரால் ஒரு திருகு திருகி மூடினார். மறுபடி கிளப்பினோம். சத்தம் இல்லை.

அவர் குச்சியை என் கையில் கொடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு பாஷை பிறந்தது. தறிச் சத்தம் என்றால் வால்வு. பாக்கு இடிப்பது என்றால் உள்ளே பேரிங். கடுகு வெடிப்பது என்றால் பொறி முந்திக்கொள்கிறது. உளுந்து வறுப்பது என்றால் கியர் பெட்டி. நான் சொல்வேன், அவர் திறப்பார். சில நாள் நான் சொல்வது தப்பாக இருக்கும். அப்போது அவர் கோபிக்க மாட்டார். கழற்றிய பாகத்தை என் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்வார். அது ஏன் அப்படிச் சத்தம் போட்டது என்று விளக்குவார். பக்கத்துத் தெருவுக்கும் கேட்கும்படிதான் விளக்குவார். பக்கத்துத் தெருப் பெண்களுக்கும் அந்த வருஷம் மோட்டார் வேலை கொஞ்சம் தெரிந்துபோயிற்று.

ஊரில் பேச்சு இல்லாமல் இல்லை. "சாலமோன் பொண்டாட்டி இஞ்சினுக்குக் காது குடுத்துகினு நிக்குது" என்றார்கள். கோயிலில் ஆராதனை முடிந்ததும் ஒரு அம்மா, "கன்னத்துல இன்னாம்மா கரி?" என்று ஜாடையாகக் கேட்டாள். "ஆயிலுங்க" என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் துடைத்துக்கொள்ள மறந்துதான் போனேன்.

புறப்பட்ட காலை

தாலுகா ஆபீசில் நாயுடுவே போய்ப் பெட்ரோல் கூப்பன் வாங்கி வந்தார். புறப்பட்ட அன்று காலையில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, மலையைப் பார்த்துக் கற்பூரம் காட்டினார். நான் மனசுக்குள் பைபிள் சங்கீதம் ஒன்றைச் சொல்லிக்கொண்டேன். இரண்டுமே வேண்டியிருந்தது.

நான் பின்பலகையில் ஏறப் போனதும் நாயுடு தயங்கினார். "நீ எதுக்கும்மா? தூரப் பயணம், பட்டப்பகல்ல பஜார்ல..."

என் கணவர் அவர் தயங்கி நின்றதைப் பார்த்தே புரிந்துகொண்டார். "அது வரலன்னா நான் ஓட்டமாட்டேன்" என்றார்.

வண்டி நகரி வரை பட்டுப்போல ஓடியது. மேட்டில் ஒரு பஸ்ஸைத் தாண்டினோம். நாயுடு திரும்பிப் பார்த்து, "முனுசாமி வண்டிம்மா" என்று சிறுபிள்ளை போலச் சிரித்தார். அதற்குக் கொஞ்ச நேரத்தில்தான் அந்தச் சத்தம்.

தோளின் மேல் நின்ற கை

நாயுடுவின் பக்கம் குனிந்து, "உங்களுக்கு ஏதாவது சத்தம் கேக்குதுங்களா?" என்றேன்.

காதைக் கொடுத்துக் கேட்டார். "ஒண்ணும் இல்லியேம்மா. காத்து சத்தம். நல்லா போய்க்கினு கீது, போவட்டும்."

அவருக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். வருஷக்கணக்காகப் பஸ் நடத்துகிறவர். நான் இஞ்சின் சத்தம் கேட்கத் தொடங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஒருவேளை காற்றுதானோ? நிறுத்தினால் ஷெட்டு போயிற்று. நிறுத்திப் பார்த்து ஒன்றும் இல்லை என்றால், ஷெட்டு மட்டுமல்ல, கையில் குச்சியோடு நின்ற என் இத்தனை மாதமும் போயிற்று. இவர் மறுபடி கரி உருளைக்கு முன்னால்.

இன்னொரு மேடு வந்தது. மூடி துடித்தது. இப்போது ஒரு மூடி இல்லை, இரண்டு மூன்று மூடிகள்.

இரண்டு தடவை தட்டினேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் என்று கேட்கவில்லை. காலை எடுத்து, கியரைக் குறைத்து, ஓரத்துப் புளியமரத்து நிழலில் வண்டியை நிறுத்தி இஞ்சினை அணைத்துவிட்டார். அதற்கப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தார்.

அதை நான் மறக்கவே மாட்டேன். அவருக்கு எல்லாமே அந்த ஓட்டத்தில்தான் இருந்தது. என் இரண்டு விரல் தட்டலுக்கு அதை நிறுத்தினார்.

"ஏம்பா, இன்னாத்துக்கு நிறுத்தற?" என்று நாயுடு பதறினார்.

"தறி. மேல பூரா. எண்ணெ இல்லாத தறி" என்று நான் வாயசைத்தேன்.

இவர் இறங்கி இஞ்சின் மூடியைத் திறந்தார். நாயுடு, "போச்சு, பந்தயம் போச்சு" என்று முணுமுணுத்தபடி இறங்கினார். இறங்கியவர் தரையைப் பார்த்து நின்றுவிட்டார். நாங்கள் வந்த சாலையில் கறுப்பாக ஒரு கோடு. எண்ணெய். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை.

இஞ்சின் தலைக்கு எண்ணெய் கொண்டுபோகும் சின்னக் குழாய், இணைப்புக்குப் பக்கத்தில் மயிரிழைபோல விரிசல் விட்டிருந்தது. வண்டி வேகம் எடுக்க எடுக்க எண்ணெய் மேலே போகாமல் வெளியே பீய்ச்சியிருக்கிறது. இவர் எண்ணெய் மட்டம் பார்க்கும் கோலை உருவிக் காட்டினார். நுனியில்தான் கொஞ்சம் ஈரம்.

"இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா?" என்று நாயுடு என்னிடம் கேட்டார். நான் இவருக்குச் சொன்னேன்.

"உள்ள பூரா ஒட்டிகினு நின்னு போயிருக்கும். அப்புறம் இரும்புக் கடைதான்" என்றார் இவர். புளியமரத்தில் இருந்த காக்கைகள் பறந்தன.

விரிசல் விட்ட துண்டை அறுத்து எறிந்துவிட்டு, ரப்பர்க் குழாய் ஒன்றை இரண்டு முனைக்கும் மாட்டி, கம்பியால் இறுக்கிக் கட்டினார். டின்னில் கொண்டுவந்த எண்ணெயை ஊற்றினார். நாயுடு தன் மேல்துண்டைக் கொடுத்து, "துடைச்சிக்கோ நைனா" என்றார். வண்டி கிளம்பியது. குச்சி வைத்துக் கேட்டேன். சுத்தமான சத்தம். கையை உயர்த்திக் காட்டினேன்.

நான் பின்பலகையில் ஏறப் போனேன். நாயுடு குறுக்கே கையை நீட்டினார்.

"நீ முன்னால குந்தும்மா."

"வேணாங்க, நான் பின்னாலயே..."

"குந்தும்மான்றேன். உன் காது இஞ்சின் பக்கத்துல இருக்கட்டும். நான் பின்னால குந்திக்கிறேன்."

அவ்வளவு பெரிய சரீரத்தை அந்தக் குழந்தைப் பலகையில் எப்படி மடித்து வைத்தாரோ தெரியாது. புத்தூர் கடந்து திருப்பதி போய், அடிவாரத்தில் தேங்காய் உடைத்து, அப்படியேதான் திரும்பினார். ரேணிகுண்டாப் பக்கம் ஒரு தடவை இடம் மாறிக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "ஓட்டம் முடியட்டும்" என்று சொல்லிவிட்டார்.

சாயங்கால வெயிலில் திருத்தணி பஜாருக்குள் நுழைந்தோம். சந்தைக் கூட்டம் வழிவிட்டு ஒதுங்கியது. முன்னால் முடி பறக்க நான். பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு, மோவாயை அதன்மேல் வைத்து, பஸ் முதலாளி குப்புசாமி நாயுடு. இந்தத் தடவை நான் தலையைக் குனியவில்லை. ஒவ்வொரு கடையாகப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஷெட்டு வாசலில் டிரைவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். முனுசாமிதான் கேட்டார். "இன்னாங்க நீங்க பின்னால?"

இரண்டு பேர் கைகொடுத்துத்தான் நாயுடு இறங்க முடிந்தது. முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே எல்லாரையும் பார்த்துச் சொன்னார்.

"வழில ஒரு தடவ நின்னுச்சி. நின்னதாலதான் வண்டி திரும்பி வந்துச்சி. நாளைலேர்ந்து ஷெட்ட சாலமோன் பார்த்துக்குவான். இந்தம்மாவும் கூட வரும். எந்த வண்டியா இருந்தாலும் அது காது குடுத்துக் கேட்டு, போவலாம்னு சொன்னப்புறம்தான் ரூட்டுக்குப் போவணும். புரிஞ்சிதா?"

முனுசாமி என்னைப் பார்த்து, "என் வண்டி மேடேறும்போது ஏதோ முனகுதுக்கா. காலைல கொஞ்சம் பாருங்க" என்றார். கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார்.

நாயுடுவின் மீசை உதட்டை மறைத்ததால் என் கணவருக்கு எதுவும் புரிந்திருக்கவில்லை. கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இன்னா மே சொல்றாரு?"

"வேல குடுத்துட்டாரு."

"யாருக்கு?"

அவர் நெஞ்சைத் தொட்டேன். பிறகு என் நெஞ்சைத் தொட்டேன்.

ஒரு கணம் விழித்தார். பிறகு தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எவ்வளவு சத்தம் என்று அவருக்குத் தெரியாது. நான் கேட்டேன். பஜார் கடைசி வரைக்கும் கேட்டது.